கண்ணாடியை உடைத்தது நான்தான்

1

போன வாரம் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். நலம் விசாரித்து முடித்ததும், "என்னம்மா, கண்ணாடி மாளிகையில ஏசியப் போட்டு உக்காந்து செடி வளக்குறியாமே? நீ கொடுத்து வச்சவ," என்றார்.

பதில் வாய்வரை வந்தது. "சிக்னல் சரியில்லண்ணே," என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். ராயப்பன்பட்டிப் பக்கம் இதைப் படிப்பவர்கள் யாராவது இருந்தால் அவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அப்பாவுக்குத் திராட்சைப் பந்தல் இருந்தது. நான் தோட்டக்கலை படித்தேன். மனோகரனைக் கட்டிக்கொண்டு மலேசியாவுக்கு வந்தேன். அவர் பேருந்து மெக்கானிக். வீடு ஈப்போவில், குனோங் ராபாட்டின் சுண்ணாம்பு மலைக்குக் கீழே உள்ள வரிசை வீடுகளில் ஒன்று. வந்த புதிதில் சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால், "கம்பம் பக்கம்" என்பேன். "எந்தக் கம்பம்?" என்பார்கள். இங்கே கம்பம் என்றால் மலாய்க் கிராமம். கம்பம் என்பதுதான் ஊரின் பெயர் என்று விளக்கினால், "அதான், அந்தக் கம்பத்துக்கு என்னா பேரு?" என்று மறுபடியும் ஆரம்பிப்பார்கள். சில வருடங்களில் அலுத்துப்போய், "இந்தியா" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

2

என் வேலை செமோரில். ஈப்போவைக் கடந்து வடக்கே போக வேண்டும். நாங்கள் செடி வளர்க்கும் கண்ணாடிக் கூடம் நிற்கும் நிலம் ஒருகாலத்தில் ரப்பர்த் தோட்டம். என் மாமியார் அங்கே பால் வெட்டியவர். பால்மரங்களும், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களும் எப்போதோ போய்விட்டன. மனோகரன் மட்டும் இன்னும் அந்த இடத்தைத் தோட்டக் காலத்துப் பெயரால் ரெண்டாம் டிவிசன் என்றுதான் சொல்வார். "எங்கம்மா கொசுக்கடியில வெட்டுன எடத்துல நீ விசிறி போட்டு செடி வளக்குற," என்பார். அதில் கிண்டல் கொஞ்சம், பெருமை கொஞ்சம்.

விசிறி எனக்காக ஓடவில்லை, அண்ணே. செடிக்காக ஓடுகிறது. ஒரு பக்கச் சுவர் முழுக்க ஈரத் திரை. எதிர்ப்பக்கம் ஆளுயர விசிறிகள். கூரையில் திறந்து மூடும் சன்னல்கள், அவற்றுக்குப் பூச்சி நுழையாத நுண்வலை. எல்லாவற்றையும் கதவருகே இருக்கும் ஒரு பெட்டி ஆள்கிறது. வெயில் ஏறினால் நிழல் திரையை இழுக்கும், காற்று வறண்டால் பனிப்புகை போல நீரைத் தெளிக்கும். அந்தப் புகைக்குள் நாள் முழுக்க நிற்பவள் நான். சேலை கட்ட முடியாது, மூக்குக்கண்ணாடி போட முடியாது. தலைமுடி ஒருநாளும் காய்ந்ததில்லை.

நாங்கள் பழத்துக்காகத் திராட்சை வளர்க்கவில்லை, கன்றுக்காக வளர்க்கிறோம். பெரிய தொட்டிகளில் தாய்ச்செடிகள் நிற்கின்றன. அவற்றைக் கவாத்து செய்து, முற்றிய குச்சிகளை நாலு கணு வைத்து வெட்டி, அடிப்பக்கத்தை வேர்ப்பொடியில் தொட்டு, தென்னைநார்த் தூள் நிரப்பிய தட்டுகளில் நடுவோம். இதில் மனிதரை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. முதலில் இலைதான் வரும். பச்சையாக, அழகாக வரும். வேர் இருக்காது. குச்சி தன்னிடம் மிச்சமிருப்பதைச் செலவழித்து விட்ட இலை அது. வேர் பிடிப்பதற்குள் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் மொத்தத் தட்டும் கருகிவிடும்.

நம்மூரில் வெயில் வறட்டு வெயில். இங்கே பெய்கிற மழைக்கும் புழுக்கத்துக்கும் திறந்தவெளியில் திராட்சை இலை வெள்ளை பூத்து உதிர்ந்துவிடும். அதனால்தான் கண்ணாடிக் கூடம்.

3

பன்னீர் திராட்சையை இங்கே கொண்டுவர வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. முதலாளியை இங்கே தவுக்கே என்பார்கள். எங்கள் தவுக்கே ஃபூங் செமோரிலேயே பிறந்த சீனர். அவருடைய அப்பா தோட்டத்து ஆட்களுக்கு மளிகைக் கடை வைத்திருந்ததால் தவுக்கேவுக்குத் தமிழ் வரும். ஆனால் 'நீங்கள்' வராது. என்னை மட்டுமில்லை, கோயில் குருக்களையும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார். முதல் மாதம் முழுக்க வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டேன். மனோகரன் சிரித்தார். "அவருக்குத் தெரிஞ்ச தமிழு அவ்ளோதாங். விடு."

தவுக்கே ஒருமுறை மதுரைக்குப் போனபோது பன்னீர் திராட்சை சாப்பிட்டாராம். "வாயிலே ரோஸ் தண்ணி மாரி இருக்குலா. அத கொண்டு வா," என்றார், இந்த ஊர் வழக்கப்படி நடுவில் ஒரு 'லா' சேர்த்து. பீடோரில் கொய்யாத் தோட்டம் வைத்திருக்கும் அவருடைய நண்பர், கன்று தயாரானால் முதல் தொகுதி முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்.

அண்ணன் அப்போதே ஒரு வழி சொன்னார். "ஒரு கட்டுக் குச்சிய ஈரத்துணியில சுத்தி, சேலைக்கு நடுவுல வச்சுக் கொண்டுபோ. யாரு பாக்கப்போறா?" பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மாட்டேன் என்றேன். முறையாக அனுமதி கேட்டு விண்ணப்பித்தோம்.

படிவத்தில் திராட்சையின் வணிகப் பெயரை ஆங்கிலத்தில் 'பனீர்' என்று எழுதினேன். நம்மூர்ப் பெட்டிகளில் அச்சடிக்கும் அதே எழுத்து. மாதக்கணக்கில் பதில் இல்லை. நேரில் போய் விசாரித்தால், விண்ணப்பம் பால்பொருள் பிரிவுக்குப் போயிருந்தது. பாலாடைக்கட்டியை இறக்குமதி செய்யக் கால்நடைச் சான்று எங்கே என்று அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். இது கொடி, வேர் விடும், இலை விடும் என்று நான் விளக்க, முகப்பில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்படியானால் இது பாலாடைக்கட்டி அல்ல என்று ஒரு கடிதம் தாருங்கள் என்றார். கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பிறகு எங்கள் கோப்பு புவான் சல்மா என்ற அதிகாரியிடம் போனது. புவான் என்றால் அம்மணி என்கிற மாதிரி. நல்ல மனுஷி, ஆனால் மலாயில்தான் பேசுவார். எங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தாய்ச்செடிகளின் படத்தைக் காட்டி, நிறையத் துளிர் வந்திருக்கிறது என்று சொல்ல நினைத்து, "என்னிடம் நிறைய துனாய் இருக்கிறது," என்று சொல்லிவிட்டேன். துளிருக்கு மலாயில் துனாஸ். துனாய் என்றால் ரொக்கம். அரசாங்க அதிகாரியிடம், கதவு மூடிய அறையில், புன்னகையோடு சொல்லியிருக்கிறேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினார். வீட்டுக்கு வந்து மகள் சொன்னபிறகுதான் எனக்கே தெரிந்தது. மறுமுறை மன்னிப்புக் கேட்டபோது, "நீங்கள் படத்தில் துளிரைத்தானே தொட்டுக் காட்டினீர்கள், புரிந்தது," என்றார்.

கடைசியில் குச்சிகள் வந்து சேர்ந்தன. ஒரு நிபந்தனை. நோயோ பூச்சியோ இல்லை என்று பார்க்கும் தனிமைக்காலம் முடியும்வரை அவை கூடத்தின் ஒரு பகுதிக்குள்ளேயே இருக்க வேண்டும். இரட்டைக் கதவு, சன்னல்தோறும் வலை. உள்ளேயே வெட்டி நட்டுக் கன்றுகளைப் பெருக்கலாம், ஆனால் ஓர் இலைகூட வெளியே போகக் கூடாது. உள்ளே எதுவும் நுழையவும் கூடாது.

4

மகள் பெயர் கயல்விழி. ஈப்போவிலேயே கல்லூரியில் படிக்கிறாள். தோழிகளிடம் மலாய், போனில் ஆங்கிலம், அப்பாவிடம் இந்த ஊர்த் தமிழ். என்னிடம் மட்டும் பேச்சைச் சுருக்கிக்கொள்வாள். "நீங்க பேசுறது நியூஸ் வாசிக்கிற மாரி இருக்கும்மா," என்பாள். நான் தேனித் தமிழ் பேசினால், "ஏன் சண்ட போடுறீங்க?" என்பாள். நடுவில் எந்தத் தமிழைப் பேசுவது என்று தெரியாமல் பல நாள் சும்மா இருந்துவிடுவேன்.

படிப்பு முடிந்ததும் சிங்கப்பூருக்குப் போகப்போகிறாளாம். அது முடிவாகிவிட்டது என்று எனக்குச் சொன்னது அவள் இல்லை, பக்கத்து வீட்டு அக்கா. இத்தனை வருடத்தில் கண்ணாடிக் கூடத்துக்குள் அவள் ஒருமுறைகூட வந்ததில்லை. கூப்பிட்டிருக்கிறேன். "அது உங்க வேலைம்மா. எனக்கு என்னா தெரியும்?" என்பாள். ஞாயிற்றுக்கிழமையும் நான் செமோருக்குக் கிளம்பும்போது நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனுக்குத் திரும்பிவிடுவாள். அதைக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் இருந்திருக்கும்.

5

தனிமைக்காலம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. வந்த குச்சிகளில் சில தொட்டிகளில் தாய்ச்செடிகளாகிவிட்டன, தட்டுகள் நிறையக் கன்றுகள், எல்லாம் வேர் பிடித்தவை. அன்று சனிக்கிழமை. நான் மட்டும் அந்தப் பகுதிக்குள் இருந்தேன், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். தவுக்கே பீடோருக்குப் போயிருந்தார்.

எங்கோ தூரத்தில் இடி இடித்தது. விளக்குகள் ஒருமுறை அணைந்து எரிந்தன. உடனே கூரைச் சன்னல்கள் எல்லாம் ஒன்றாக மூடிக்கொண்டன. விசிறிகள் நின்றன. நிழல் திரை பின்வாங்கியது. புகைத் தெளிப்பு நின்றுபோனது. பெட்டியின் திரையில் 'புயல் நிலை' என்று வந்தது. வெளியே சுள்ளென்று வெயில்.

திரையைத் தொட்டால் கடவுச்சொல் கேட்டது. எங்களிடம் இருந்ததைப் போட்டேன், ஏற்கவில்லை. அந்தப் பெட்டியைப் பொருத்திய, கோலாலம்பூரில் இருக்கும் தொழில்நுட்பக்காரருக்குப் போன் செய்தேன்.

"புயல் ஓய்ந்ததும் தானே திறந்துவிடும், மேடம்," என்றார் ஆங்கிலத்தில்.

"இங்கே புயல் இல்லை. வெயில் அடிக்கிறது."

"சென்சார் புயல் என்கிறதே, மேடம்."

"சென்சார் சொல்வதை விடுங்கள், நான் இங்கேயே நிற்கிறேன். கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்."

"அதற்கு உங்கள் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல் வர வேண்டும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே என் மூச்சு முட்டத் தொடங்கியது. மூடிய கண்ணாடிக்குள் வெப்பம் எப்படி ஏறும் என்பது நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். முதலில் தளிர்கள் தலை கவிழ்ந்தன. பிறகு இலை ஓரங்கள் சுருண்டன. சன்னல்களைக் கையால் திறக்க வழியில்லை, எல்லாம் மோட்டார். இரட்டைக் கதவுகளில் ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். திறந்தாலும் மேலே நிற்கும் அனல் கீழே இருக்கும் கதவு வழியாக எங்கே போகப்போகிறது? போனைக் காதில் வைத்தபடியே சுற்றி வந்தேன். அந்த ஆள் என் மின்னஞ்சல் முகவரியை எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனைத் தொட்டி விளிம்பில் வைத்தேன். மூலையில் சாங்கோல் சாத்தியிருந்தது. சாங்கோல் என்றால் மண்வெட்டிதான். தட்டுகள் வைத்திருக்கும் மேடை மேல் ஏறி நின்று, பக்கச் சுவரின் மேல்வரிசைக் கண்ணாடியை ஓங்கி அடித்தேன். முதல் அடியில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் அடியில் மொத்தக் கண்ணாடியும் கல்கண்டாக உதிர்ந்தது. அடுத்ததை உடைத்தேன். அதற்கடுத்ததையும். எதிர்ச்சுவருக்குப் போய் அங்கேயும் உடைத்தேன். அனல் என் முகத்தைத் தாண்டி வெளியே ஓடியது. குழாயைத் திறந்து கன்றுகள் மேல் நீரைப் பாய்ச்சினேன். தொட்டி விளிம்பிலிருந்து அந்த ஆள், "ஹலோ, மேடம்? அது என்ன சத்தம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஆத்திரத்தில் உடைத்தேன் என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். ஆத்திரம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எதை உடைத்தால் அனல் வெளியேறும் என்று பார்த்துத்தான் உடைத்தேன்.

சாயங்காலம் தவுக்கே வந்தார். "நீ பைத்தியமாலா? கண்ணாடி எல்லாம் போச்சி!" என்று கத்தினார். நான் தட்டுகளைக் காட்டினேன். இலைகள் மறுபடி நிமிர்ந்து நின்றன. அவர் ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார், குனிந்து இன்னொன்றைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"சரி. தார்ப்பாய் கட்டு. நாளைக்கி கண்ணாடி மாட்டிருவோம். யாருகிட்டயும் சொல்லாதே."

"சொல்லணும் தவுக்கே. கூடம் திறந்துபோச்சு. தனிமைக்காலத்துல இருக்கு."

"யாரு பாத்தா?"

அண்ணன் கேட்ட அதே கேள்வி. மனோகரனும் வீட்டில், "அவரே வேணாங்கிறாரு, ஒனக்கு ஏன் இந்தத் தலவலி?" என்றார். திங்கட்கிழமை காலை நானே புவான் சல்மாவுக்குப் போன் செய்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன். தனிமைக்காலத்தை நீட்டிப்பார்கள், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

6

அலுவலகத்திலிருந்து வந்து பார்த்தார்கள், பூச்சி பிடிக்க மஞ்சள் ஒட்டுப்பொறிகள் வைத்தார்கள், போனார்கள். பிறகு கடிதம் வந்தது. அந்தப் பகுதியில் இருக்கும் எல்லாச் செடிகளையும் அழிக்க வேண்டும். மறுப்பிருந்தால் நேரில் வந்து சொல்லலாம்.

தவுக்கே என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. கடிதத்தை வாசித்துக் காட்டிய கயல் கேட்டாள், "நீங்க ஏன்மா போயி சொன்னீங்க? சொல்லலைன்னா தெரிஞ்சே இருக்காது." சாப்பாடு எடுத்துவைத்தேன். மறுநாள் காலையில் நான் மறுப்புச் சொல்ல அலுவலகத்துக்குப் புறப்பட்டபோது அவளே கிளம்பி நின்றாள். "உங்க மலாய வச்சிக்கிட்டு அங்க என்னா பேசுவீங்க? நான் வாரேன்."

அன்று அந்த அறையில் என் மகள் பேசியதை நான் மறக்கப்போவதில்லை. மலாய் அவள் வாயில் தண்ணீர் போல ஓடியது. குரலை உயர்த்தவில்லை. அம்மா ஞாயிற்றுக்கிழமையும் போவார் என்றாள். தீபாவளி அன்றும் எண்ணெய்த் தலையோடு போனார் என்றாள். இலை முதலில் வரும், வேர் பிறகுதான் வரும் என்றாள். எப்போதோ சாப்பிடும்போது நான் சொன்னது, அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தேன். உடைத்தவர்தானே உண்மையைச் சொன்னார், உண்மையைச் சொன்னவருக்கு இதுதான் பலனா என்று கேட்டாள். அழிக்க வேண்டாம், காலத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள் என்றாள்.

புவான் சல்மா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்குப் புரியும்படி மெதுவாகக் கேட்டார். "நீங்கள் படித்தவர். கண்ணாடி திறந்திருந்த நேரத்தில் ஒரு பூச்சிகூட வெளியே போகவில்லை என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமா?"

கயல் என் கையைப் பிடித்தாள். ஒரே ஒரு 'முடியும்'. அதை மலாயில் பிழையில்லாமல் சொல்ல எனக்குத் தெரியும்.

ஊரில் எங்கள் தோட்டத்துக்கு மாவுப்பூச்சி வந்த வருடம் நினைவுக்கு வந்தது. யாரோ வெளியூரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து நட்ட கொடியில் இருந்துதான் வந்தது என்று பேசிக்கொண்டார்கள். அறுப்புக்கு நின்ற குலைகளுக்குள் வெள்ளையாகப் பஞ்சு அடைத்த மாதிரி பூச்சி. அப்பா குலைகளை வெட்டி வெட்டிப் பள்ளத்தில் போட்டார். பக்கத்துத் தோட்டம், அதற்கடுத்த தோட்டம் என்று அது பரவிக்கொண்டே போனது. அன்றைக்கும் அந்த ஆளை யாரும் பார்க்கவில்லை.

"முடியாது, புவான்," என்றேன். "உறுதி சொல்ல முடியாது."

கயல் கையை எடுத்துக்கொண்டாள்.

என் ஆத்திரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சட்டம் தப்பாக இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன், மனு எழுதியிருப்பேன். சட்டம் சரி. செடிகளும் உயிரோடு இருக்கின்றன. நான் செய்ததும் சரி. எல்லாம் சரியாக இருந்து இப்படி முடிந்தால் யாரைத் திட்டுவது?

காரில் ஈப்போ வந்துவிட்டோம். சிக்னலில் நின்றபோது கயல் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "நான் உங்களுக்காகத்தான் பேசுனேன்."

"தெரியும்டி."

"தெரிஞ்சும் அப்படிச் சொன்னீங்க."

"தெரிஞ்சும் அப்படித்தான் சொல்ல முடிஞ்சது."

அவள் அழுதாள். நானும் அழுதிருப்பேன், அதற்குள் பின்னாலிருந்து லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

7

அழிக்கும் நாளன்று பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கயல் வந்தாள். நான் கூப்பிடவில்லை. "கிளவ்ஸ் இருக்கா?" என்றாள். புவான் சல்மா சாட்சியாக ஓரமாக நின்றார். ஒவ்வொரு கன்றாகப் பிடுங்கிக் கறுப்புப் பைகளில் போட்டுக் கட்டி, எரிக்கும் பீப்பாய்க்குக் கொண்டுபோக வேண்டும்.

கயல் முதல் கன்றைத் தட்டிலிருந்து உருவினாள். தென்னைநார்த் தூள் உதிர்ந்து, வெள்ளை வெளேரென்று வேர்க்கொத்து தொங்கியது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இவ்ளோ வேர் இருக்காம்மா?"

"இருக்கு."

சாயங்காலம்வரை பிடுங்கினோம். தாய்ச்செடிகளை நான் வெட்டினேன், அதை வேறு யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. எல்லாம் முடிந்ததும் புவான் சல்மா கையெழுத்துப் போட்டார். போகும்போது என் தோளைத் தொட்டு, மறுபடி விண்ணப்பியுங்கள், இந்த முறை கோப்பை நேராக என்னிடமே கொண்டுவாருங்கள் என்றார்.

தவுக்கே அப்போதுதான் லாரியை விட்டு இறங்கி வந்தார். காலி மேடைகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். புதுக் கண்ணாடிகளைப் பார்த்தார்.

"மறுபடி பெர்மிட் போடுறேன்," என்றார். "பீடோர்காரன் காத்திருக்கேன்னு சொல்றான். ஆனா நீ எனக்குச் சத்தியம் பண்ணு. இன்னொரு வாட்டி கண்ணாடி உடைக்க மாட்டே."

கயல் என்னைப் பார்த்தாள். எனக்கு முதுகு ஒடிந்துபோயிருந்தது, கையெல்லாம் கரி. நல்லதாக ஒரு பொய் சொல்லக்கூடத் தெம்பில்லை.

"உடைப்பேன் தவுக்கே," என்றேன். "உள்ள உசுரு வெந்துகிட்டு இருந்தா மறுபடியும் உடைப்பேன். உடைச்சிட்டு மறுபடியும் போயி அவங்ககிட்ட சொல்லுவேன். உங்களுக்கு அது வேணாம்னா, அந்தச் சன்னல்ல கையால சுத்தித் திறக்க ஒரு ஹேண்டல் வச்சுக் கொடுங்க. வலை இருக்கும், பூச்சி போகாது. அந்தப் பெட்டி என்ன சொன்னாலும் நான் திறந்துக்குவேன்."

அவர் கூரைச் சன்னல்களை அண்ணாந்து பார்த்தார். கயலைப் பார்த்து, "ஒங்கம்மா எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

"எப்பவுமே இப்படித்தாங் தவுக்கே," என்றாள் கயல். "நாங்க என்னா செய்ய?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே லாரிக்குத் திரும்பினார். ஏறி உட்கார்ந்து போனை எடுத்தார். யாரிடமோ கான்டனீஸில் உரக்கப் பேசத் தொடங்கினார். அந்த மொழியில் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் நடுவே இரண்டு மூன்று முறை 'ஹேண்டல்' என்று சொன்னது காதில் விழுந்தது.